தொடங்கிய தர்மத்தை நிறுத்தலாமா?

2025-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. காரியாபட்டியில் ஜும்ஆ முடிந்து ஹவ்ழு ஓரத்தில் சிலர் நின்று பேசிக் கொண்டிருந்தோம். அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குக் கொடுத்து வந்த மருத்துவ உதவியை நிறுத்திவிட்டது என்ற செய்தி பத்திரிகைகளில் அடிபட்டுக் கொண்டிருந்த நேரம் அது. பெரியவர் ஒருவர், "அமெரிக்காக்காரன் காசை நிறுத்தினால் நமக்கென்ன ஹஜ்ரத்? அதை நம்பியா நாம் பிழைக்கிறோம்?" என்றார். அருகில் நின்ற வாலிபர், "அந்த எய்ட்ஸ் நோய் எப்படி வருகிறதென்று ஊருக்கே தெரியும். அதற்குக் காசு வந்தால் என்ன, நின்றால் என்ன?" என்றார். மூன்றாமவர் ஒன்றும் பேசவில்லை. அவர் கல் கிரஷரில் வேலை பார்த்தவர். காசநோய் கண்டு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். செருப்பை மாட்டிக் கொண்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

அவர் போன விதம் நம் மனத்தை உறுத்திக் கொண்டே இருந்தது. பெரியவர் கேட்டதற்கும் வாலிபர் கேட்டதற்கும் அன்றைக்கு நாம் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டும் மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்விகள்தாம். சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் நடந்தது என்ன? 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அமெரிக்க அதிபர், அன்றே கையெழுத்திட்ட ஆணையால் அந்நாட்டின் வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாட்களுக்கு நிறுத்தி வைத்தார். உயிர் காக்கும் மருந்துகளுக்கு விலக்கு உண்டு என்று சில நாட்களில் அறிவித்தார்கள். ஆனால் பணத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டிய யு.எஸ்.எய்ட் நிறுவனமே அப்போது கலைக்கப்பட்டுக் கொண்டிருந்தது; 2025 ஜூலை 1-இல் அது தனி நிறுவனமாக இல்லாமற் போயிற்று. 2003 முதல் அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தை நம்பி மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளில் இலட்சோபலட்சம் பேர். பல இடங்களில் அவர்கள் வழக்கமாகப் போகும் மருந்தகக் கதவு ஒரு நாள் காலையில் பூட்டிக் கிடந்தது. முன்னறிவிப்பு இல்லை. மாற்று ஏற்பாடும் இல்லை.

நம் நாட்டில் அப்படி நேரவில்லை. இதைத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும், வீணாக யாரும் பீதியடையக் கூடாது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தொடங்கியபோது அதன் முதற்கட்டம் உலக வங்கிக் கடனில் நடந்தது. தமிழ்நாட்டில் 1995-இல் யு.எஸ்.எய்ட் பணத்தில் ஒரு தடுப்புத் திட்டம் வந்தது. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளை 'அவாஹன்' என்ற திட்டத்தைத் தமிழகம் உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. ஆனால் அவாஹன் திட்டத்தார் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. 2009 முதல் சில ஆண்டுகள் எடுத்துக் கொண்டு, பணிகளைப் படிப்படியாக அரசின் கையில் ஒப்படைத்தார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. அன்று மருந்து கொடுக்கத் தொடங்கிய ஒரு சில மருத்துவமனைகளில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2021 முதல் 2026 மார்ச் வரை வகுக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டத்தின் மதிப்பீடு ரூ. 15,471 கோடிக்கு மேல். அது முழுவதும் மத்திய அரசின் பணம். ஆகவே நம் பகுதிக்காரர் மதுரைக்கோ விருதுநகருக்கோ போய் வாங்கும் மாத்திரை, வாஷிங்டனில் இட்ட கையெழுத்தால் நிற்கவில்லை. இங்கே நின்றவை ஓரங்களில் இருந்தவை. ஹைதராபாத், புனே, கல்யாண் ஆகிய ஊர்களில் திருநங்கையருக்காக நடந்து வந்த மூன்று மருத்துவ மையங்கள் 2025 ஜனவரியில் மூடப்பட்டன. மற்ற ஆஸ்பத்திரிகளில் கேலிக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் தைரியமாகப் போய் வந்த இடங்கள் அவை.

நிற்க. பெரியவரின் கேள்விக்கு வருவோம். கொடுப்பவன் இஷ்டப்பட்டுக் கொடுத்தான், இஷ்டப்பட்டு நிறுத்தினான். இதில் அவன் மேல் என்ன குற்றம்? கடன்காரனா அவன்?

கேள்வி இலேசானதன்று. கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பிடுங்குவதை நபி (ஸல்) அவர்கள் அருவருப்பான ஓர் உவமை கூறிக் கண்டித்திருக்கிறார்கள். ஆனால் இங்கே கொடுத்ததை யாரும் பிடுங்கவில்லையே! சாப்பிட்ட மாத்திரை சாப்பிட்டதுதான். அடுத்த மாத மாத்திரை இன்னும் கொடுக்கப்படவே இல்லை; கொடுக்காத ஒன்றைத் திரும்பப் பெற்றதாக எப்படிச் சொல்வது? ஹிபாவின் சட்டம் இங்கே பொருந்தாது.

நஃபிலின் சட்டத்தைப் பார்க்கலாமா? கடற்கரையூர்களின் ஷாஃபிஈ சகோதரர்களுக்கும், விருதுநகர்ச் சீமையில் உள்ள ஹனஃபிகளாகிய நமக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நஃபில் தொழுகையையோ நோன்பையோ தொடங்கிவிட்டால் முடிப்பது வாஜிபு, நடுவில் முறித்தால் களா செய்ய வேண்டும் என்பது நம் மத்ஹபு. ஹஜ்ஜும் உம்ராவும் தவிர மற்ற நஃபில்களில் தொடங்கியவனுக்கு விருப்பம் உண்டு என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. ஆனால் தர்மம் ஒரே தொழுகையைப் போன்றதன்று. ஒவ்வொரு மாதம் கொடுப்பதும் தனித்தனியாக முடிந்துவிடும் அமல். ஆதலால் இந்தக் கியாஸும் முழுக்க ஒட்டவில்லை. வாக்குறுதிச் சட்டம் சற்று நெருங்கி வருகிறது. வாக்கை நிறைவேற்றுவது சிறந்த பண்பே அன்றி, நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது என்பது பெரும்பாலான ஃபுகஹாக்களின் முடிவு. ஆனால் மாலிக்கீ அறிஞர்கள் ஒரு நுட்பம் சொல்கிறார்கள்: உன் வாக்கை நம்பி ஒருவன் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டான் என்றால், அந்த வாக்கு உன்னைக் கட்டும். 'வீட்டை இடித்துக் கட்டு, நான் பணம் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு, அவன் இடித்த பிறகு கையை விரிப்பது கூடாது.

இந்த நோய்களின் சிகிச்சை வீட்டை இடித்துக் கட்டுவதைப் போன்றதுதான். காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதம் தினமும் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், ஆள் தெளிந்துவிடுவார். அப்போது நிறுத்தினால் எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறக் கூடும். பிறகு வரும் நோய் முன்னதைவிடக் கொடிது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குத் தொற்றுவதும் அந்த அடங்காத கிருமியே. எச்.ஐ.வி. மருந்தோ ஆயுள் உள்ளவரை தினமும் சாப்பிட வேண்டியது. ஒழுங்காகச் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி கண்ணுக்குப் படாத அளவுக்கு அடங்கும். மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றாது. தாய்க்குப் பிறக்கும் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நிறுத்தினால் கிருமி மீண்டும் தலையெடுக்கும். ஆகவே, தொடங்கி வைத்து நடுவில் கைவிட்டவன், 'நான் ஒன்றும் பிடுங்கவில்லையே' என்று சொல்ல முடியாது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். கிணற்றில் ஒருவன் விழுந்துவிட்டான். மேட்டில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் இறங்கி அவன் கையைப் பிடித்துக் கொண்டார். மற்ற ஒன்பது பேரும் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். இப்போது பிடித்தவர் பாதியில் கையை விட்டால், இறங்காமலே இருந்தவரைவிட அவர் பெரிய குற்றவாளி ஆகிவிடுகிறார், ஏனென்றால் அவரை நம்பியே மற்றவர் கயிறு போடவில்லை. ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. சிலர் தொழுதால் ஊரார் மீது குற்றமில்லை. ஆயினும் தக்பீர் கட்டி நின்றவர், 'ஊரில் வேறு ஆள் இருக்கிறதே' என்று நடுவில் வெளியேற முடியுமா? நம்மைப் பொறுத்தவரை அமெரிக்க அரசு விஷயத்தில் குற்றம் இதுதான்: அவர்கள் நிறுத்தினார்கள் என்பது மட்டுமல்ல, பிடித்த கையை, மேட்டில் நிற்பவருக்குக் குரல்கூடக் கொடுக்காமல் விட்டார்கள். அவாஹன்காரர்கள் போன விதத்தையும் இதையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

இதை எழுதும்போது நமக்கே கை கூசுகிறது, காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். கொரோனாக் காலத்தில் நாம் வேறோர் ஊரில் இமாமாக இருந்தோம். அங்கே ஜமாஅத்தில் பணம் திரட்டிச் சில ஏழை வீடுகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். அதில் ஒரு வீட்டில் காசநோயாளி ஒருவர் இருந்தார். ஐந்தாறு மாதம் நடந்தது. பிறகு ஊரடங்கு தளர்ந்தது, வசூல் குறைந்தது, நிர்வாகத்தில் ஆள் மாறியது, அப்படியே நின்றுவிட்டது. யாரும் நிறுத்த முடிவு செய்யவில்லை, யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. ஓராண்டு கழித்து அந்த வீட்டு அம்மா நம்மைக் கண்டபோது, "முதல் தேதி வந்தால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்குதான்னு பார்ப்போம் ஹஜ்ரத்" என்றார். குறை சொல்லும் குரலில்கூட இல்லை. அந்தப் பணத்தில் நாமும் ஒரு பொறுப்பாளி. அதிபர் ஆணையிட்டு நிறுத்தினார்; நாம் ஆணையே இல்லாமல் நிறுத்தினோம்.

இனி வாலிபர் சொன்னது. எச்.ஐ.வி. பாவத்தின் கூலி என்ற பேச்சு நம் வீடுகளில் மிகச் சாதாரணம். சகோதரர்களே, நம் மாவட்டத்துக்காரர் அப்படிப் பேசலாமா? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. சோகை தீர மருத்துவமனைக்குப் போன பெண்ணின் பாவம் எது? இரத்தம் கொடுத்த வாலிபரோ, உறவினர் ஒருவருக்கு உதவ வேண்டுமென்று கொடுத்தவர். 2016-இலேயே அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று காணப்பட்டும், அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தானே ஓடிப்போய், 'என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர் விஷம் குடித்து, அந்த மாத இறுதியில் மதுரையில் இறந்து போனார். பெண்ணுக்கு ரூ. 25 இலட்சம் இழப்பீடு கொடுக்கும்படி 2019-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த வாலிபருக்கு 2016-இல் ஒருவர் செய்தி சொல்லியிருந்தால் போதும். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி, வீடு தேடிப் போய்த் தனியாக உட்கார வைத்துப் பேசும் ஓர் ஆள். நம்பிக்கை மையங்களில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்கள் செய்வது அந்த வேலைதான். பண முடை வரும்போது எந்தத் திட்டத்திலும் முதலில் கத்தி விழுவது இவர்கள் மேல்தான். மாத்திரையை வெட்டினால் கூச்சல் எழும்; ஆலோசகரை வெட்டினால் யாருக்குத் தெரியும்? இரண்டாண்டு கழித்து ஒரு கர்ப்பிணிக்குத் தெரிகிறது.

பாவத்தாலேயே ஒருவருக்கு வந்தது என்று வைத்துக் கொண்டாலும், மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பாவ புண்ணியக் கணக்கைப் பார்க்கச் சொல்லி மார்க்கம் நமக்கு அதிகாரம் தரவில்லை. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் ஜாபியாவுக்குப் போகும் வழியில் தொழுநோய் பீடித்த கிறிஸ்தவர் சிலரைக் கண்டார்கள். பொதுப் பணத்திலிருந்து அவர்களுக்குக் கொடுக்கும்படியும், உணவு தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்யும்படியும் உத்தரவிட்டார்கள். பலாதுரீ தம் சரித்திர நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அக்காலத்தில் யாரும் அண்ட அஞ்சிய நோய், வேற்று மதத்தவர், கலீஃபா ஒரு வேளைச் சோற்றோடு விட்டுவிடவில்லை. வழிப்போக்கில் கண்ட துயரத்தை அரசின் நிரந்தரச் செலவாக்கிவிட்டுப் போனார்கள். வக்ஃபின் கருத்தும் அதுவே. மூலதனத்தை அசையாமல் கட்டிவிட்டு வருமானத்தை ஓட விடுவது. எகிப்தின் சுல்தான் கலாவூன் 1284-இல் கெய்ரோவில் நிறைவு செய்த மருத்துவமனைக்கு நிலங்களையும் கடைகளையும் வக்ஃபாக எழுதி வைத்தார். 1290-இல் சுல்தான் இறந்தார். மருத்துவமனை பல நூற்றாண்டுகள் நடந்தது. கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்து நோயாளியின் உயிர் ஊசலாடக் கூடாது என்று நம் முன்னோர் அறிந்து வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது அரசு. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. வேலையிலும் பள்ளியிலும் அவரை ஒதுக்குவதைத் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சிகிச்சை கொடுப்பது பற்றிச் சொல்லும் இடத்தில் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் செருகி வைத்திருக்கிறார்கள். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையில் 'இயன்றவரை' என்பதற்கு என்ன பொருள்? 2022 ஜூலையில் மாத்திரைத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளிகள் டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடினார்கள். 2024 மார்ச்சில் காசநோய் மருந்து வந்து சேரத் தாமதம் என்று, மாநிலங்களையே உள்ளூரில் வாங்கிக் கொள்ளும்படி மத்திய அரசு கடிதம் எழுதியது. இரண்டு முறையும் அமெரிக்கா நிறுத்தவில்லை. ஆகவே பெரியவர், 'அவன் காசில் நாம் பிழைக்கவில்லை' என்று சொன்னது சரியே. ஆனால் நம் காசும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்தானே?

வெளிநாட்டு உதவியே கேடு என்று கூறுவோரும் உண்டு. நாம் அந்தக் கட்சியில் சேரவில்லை. 1956-இல் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நம் நாட்டாரோடு சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் ஏழை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் கொடுப்பது போலவே குணமாகிறது என்று அம்மையம் 1959-இல் நிரூபித்தது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக் கொண்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள், மையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது.

அரசை வற்புறுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். ஜமாஅத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சில மஸ்அலாக்கள். காசநோயாளிக்கு அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் ரூ. 500 கொடுத்தது, 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 ஆயிற்று. கிரஷரிலும் பட்டாசு ஆலையிலும் கூலிக்குப் போனவர் வேலையை விட்டுப் படுத்தால் அது ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் காணாது. 2022 செப்டம்பரில் வந்த 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாட்டின்படி எவரும், எந்த அமைப்பும், சம்மதிக்கும் நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுக்கலாம். குறைந்தது ஆறு மாதம் பொறுப்பேற்க வேண்டும். ஏழை முஸ்லிம் நோயாளிக்கு ஜகாத் பணத்தில் அதைக் கொடுக்கலாம். ஆனால் நம் மத்ஹபில் தம்லீக் நிபந்தனை, அதாவது பொருளை அவர் கையில் உடைமையாக ஒப்படைக்க வேண்டும். ஜகாத்திலிருந்து ஆலோசகருக்குச் சம்பளமோ கட்டடச் செலவோ கொடுக்கக் கூடாது. முஸ்லிம் அல்லாத நோயாளிக்கு நஃபிலான ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். நம் பகுதியில் நோயாளிகளில் பெரும்பாலோர் அவர்களே ஆதலால், ஜகாத்துக்கும் ஸதகாவுக்கும் இரண்டு கணக்கு தனித்தனியாக வைக்க வேண்டும். வங்கி வட்டியைக் கொண்டு வந்து, 'இதை நோயாளிக்குக் கொடுத்துவிடுங்கள் ஹஜ்ரத்' என்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நன்மையை நாடாமல் ஏழைக்குக் கொடுத்துக் கழித்துவிடலாம் என்பது உலமாக்களின் ஃபத்வா. ஆனால் நோயாளி என்றதும் வட்டிப் பணம் மட்டுமே ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவர்கள் தங்களையே கேட்டுக் கொள்ளட்டும். எச்.ஐ.வி. உள்ளவர் விஷயத்தில் பெயர்ப் பட்டியல் என்பதே கூடாது. பள்ளிவாசல் பலகையில் 'இன்னாருக்கு உதவி' என்று எழுதுவது உதவியாகாது. அவரை ஊரைவிட்டு விரட்டுவதாகும்.

சென்ற முறை செய்த தவற்றை நினைத்து, இம்முறை ஒன்றைப் பிடிவாதமாகச் சொன்னோம். எத்தனை பேருக்கு ஆறு மாதச் செலவு முழுவதும் கையில் இருக்கிறதோ அத்தனை பேரை மட்டுமே ஏற்பது. 'பத்துப் பேரை எடுப்போம், அல்லாஹ் கொடுப்பான்' என்றார்கள். அல்லாஹ் கொடுப்பான், வசூல் நிற்கும் மாதத்தில் வாசலில் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பது நாமல்லவே. கணக்குப் பார்த்ததில் மூன்று பேருக்குத்தான் வந்தது. மூன்று பேரை ஏற்றார்கள்.

ஹவ்ழு ஓரத்திலிருந்து எழுந்து போனாரே, கிரஷர் சகோதரர், அவரைப் பிறகு வீட்டில் போய்ப் பார்த்தோம். அன்றைய பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. "எனக்கு நாலாவது மாசம் விட்டுப்போகப் பார்த்தது ஹஜ்ரத். வாந்தி. ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து திட்டிட்டுப் போச்சு. அதுக்குப் பயந்துதான் முடிச்சேன்" என்று சிரித்தார். அந்த மூன்று பேரில் ஒருவர் அவர் பழைய கிரஷரிலேயே வேலை பார்த்தவர் என்று சொன்னோம். பெயரைக் கேட்கவில்லை அவர். மருந்து வாங்கப் போகும் நாள் எது என்று மட்டும் கேட்டார்; அந்த ஆள் சம்மதித்தால் தாமும் கூடப் போய் வருவதாகச் சொன்னார்.